சத்தியவேட்டுக் குழியில் கிடைத்த சங்கு

இன்ஸ்பெக்‌ஷன் நாளில் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் எந்தக் கேள்வி கேட்டாலும் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்குவார்கள். வந்த அதிகாரிக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். விஷயம் என்னவென்றால், பதில் தெரிந்த பிள்ளை வலது கையைத் தூக்கும், தெரியாத பிள்ளை இடது கையைத் தூக்கும். டீச்சர் வலது கைகளில் ஒன்றைப் பார்த்து எழுப்பிவிடுவார். முதல் நாளே ஒத்திகை நடந்திருக்கும். சித்தூர் ஜில்லாவில் தெலுங்குப் பள்ளி, தமிழ்ப் பள்ளி என்று எதற்கெல்லாமோ சண்டை போட்டிருக்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒற்றுமை.

நான் படித்த காலத்தில் கணக்கென்றால் இடது கை கோஷ்டி. கையைத் தூக்கிக்கொண்டே முன்னால் இருக்கிறவள் முதுகுக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொள்வேன், எங்கே அதிகாரி என்னையே கேட்டுவிடுவாரோ என்று. வேலைக்கு வந்த முதல் வருஷம் ஹெட்மாஸ்டர் என்னையும் ஒத்திகை நடத்தச் சொன்னார். மாட்டேன் என்றேன். இன்ஸ்பெக்‌ஷன் அன்று என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கை தூக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். "ஏம்மா, எங்க மானத்த வாங்கறதுக்குன்னே வந்துக்கிறியா?" என்று ஹெட்மாஸ்டர் எல்லார் முன்னாலும் கேட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் என்ன மானம் போகிறது என்று நானும் எல்லார் முன்னாலும் திருப்பிக் கேட்டேன். அன்றிலிருந்து எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்ததெல்லாம் இந்த இடது கையில்தான் வந்து முடிந்தது.

புத்தூரைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஊரில் தமிழ்வழிப் பள்ளியில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஊருக்கு ஊர் கம்ப்யூட்டர் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த நேரம். வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் ஒரு டிரஸ்ட், கிராமத்து வாத்தியார்களுக்குப் புதைபடிவங்களை வைத்து அறிவியல் சொல்லித்தரப் பழக்குகிறோம் என்று திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்தது. மண்டல ஆபீசிலிருந்து ஆர்டர் வந்தது, போனேன். போகும்போது எரிச்சலாகத்தான் போனேன். டைனோசர் படத்தைக் காட்டி டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புவார்கள் என்று நினைத்தேன்.

அங்கேதான், பிறகு நான் அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்த மனிதர் இருந்தார். சித்தூர்க்காரர், கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்தவர், அதை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்திருந்தார். எங்கள் கையில் ஆளுக்கொரு வெள்ளைக் களிமண் கட்டியைக் கொடுத்தார். நடுவே கோழி இறகு போல ஒரு இலையின் அச்சு. "இது இன்னான்னு நான் சொல்லமாட்டேன். நீங்க பாருங்க. பார்த்தத மட்டும் சொல்லுங்க. நெனைச்சத அப்புறம் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் பாடம். பார்த்தது எது, நினைத்தது எது என்று பிரிப்பதற்குள் எங்களுக்கு ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது. ஒருவர் இலை என்றார். இலையின் அடையாளம்தானே இருக்கிறது, இலை எங்கே இருக்கிறது என்று அண்ணா கேட்டார். நான் பள்ளிக்கூடத்திலும் காலேஜிலும் படித்ததெல்லாம் மனப்பாடம்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த வருஷமே தமிழ்வழி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க என்னையே கூப்பிட்டார். அவர் தெலுங்கு பேட்ச், நான் தமிழ் பேட்ச். கோடை விடுமுறை என்றால் திருப்பதிதான். ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டிருக்கிறோம். என் வீட்டுக்காரர் திருப்பதி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அண்ணாவின் வீட்டிலிருந்துதான் இரண்டு வேளையும் கஞ்சி வந்தது. கூடப் பிறந்த அண்ணன் எனக்குக் கிடையாது. அந்தக் குறை தீர்ந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். இப்போது அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒவ்வொரு பேட்சிலும் முதல் நாள் முதல் வேலையாக இடது கை விஷயத்தை எடுப்பேன். "உங்க ஸ்கூல்லயும் உண்டா?" என்று கேட்டதும் ஹால் முழுக்கச் சிரிக்கும். சிரிப்பு அடங்கினதும் சொல்வேன்: "இந்த ஹாலுக்குள்ள இடது கை கிடையாது. தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். எனக்குத் தெரியலன்னா நானும் சொல்லுவேன். கடைசி நாள் குழிக்குக் கூட்டிப்போவேன். அங்க நான் எதையும் முன்னாடியே கொண்டுபோய் ஒளிச்சு வெச்சு உங்களக் கண்டுபிடிக்க வைக்கமாட்டேன். கெடைச்சா கெடைச்சது, கெடைக்கலன்னா வெறும் கையோட வீட்டுக்குப் போவோம். இது என் வாக்கு."

வாத்தியார்களுக்கு வாக்குக் கொடுப்பது லேசான காரியம் இல்லை. ட்ரைனிங் என்றாலே கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்குகிற இடம் என்று வருகிறவர்கள் அவர்கள். அவர்களை நிமிர்ந்து உட்காரவைக்க எனக்கு வேறு எதுவும் இல்லை. நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை, அதிகாரியும் இல்லை. என் பேச்சை நம்பலாம் என்ற ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

சொல்லப்போகிற அந்தக் கோடையில் வந்த பேட்ச் நல்ல பேட்ச். புத்தூரிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தாள், பொல்லாத வாய்க்காரி. கறிக்கடையிலிருந்து ஆட்டு எலும்பு வாங்கி, வேகவைத்து, உலர்த்திக் கலைத்துப் போட்டு, எது எந்த மூட்டில் சேரும் என்று பொருத்தச் சொல்வோம். "ஒடிஞ்ச எலும்புக்குப் புத்தூர் கட்டு போடற ஊருக்காரிக்கு எலும்பு சேக்கறதுக்கு ட்ரைனிங்கா? நாலு மூங்கில் பத்தையும் கொஞ்சம் துணியும் குடுங்க, உங்க ஆடு நடந்துக்கினே போயிடும்" என்றாள். திருப்பதிக்காரர் ஒருவர் இருந்தார், நெற்றியில் நாமம், வீட்டில் எல்லாரும் கோயில் கைங்கரியம். அவர் எலும்பைத் தொடாமல் தள்ளி நின்று, "அந்த இடதுகால் தப்பா இருக்கு, திருப்பி வைங்கோ" என்று குச்சியால் காட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் சொன்னபடிதான் பொருந்தியது.

மூன்றாவது ஆள் சாந்திபுரத்து டீச்சர். குப்பம் பக்கம், கர்நாடகமும் தமிழ்நாடும் கிட்டக்கிட்ட இருக்கிற மூலை. அந்த வீட்டில் முதல் முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் அவள்தான். அப்பா கல்குவாரியில் கல் உடைத்தவர். ஊரில் பாதிப் பேர் விடிந்தால் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குப் போகிறவர்கள். முதல் இரண்டு நாள் அவள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் எழுந்து, "அக்கா, எங்க நைனா ஆயுசுக்கும் கல்லு ஒடைச்சாரு. அதுக்குள்ள இந்த மாதிரி எதுனா இருந்திருந்தா பார்த்திருப்பாரா?" என்று கேட்டாள். அவள் ஊர்க் கல்லில் இருக்காது, அது நெருப்பில் உருகி உறைந்த கல், அதில் உயிர் எதுவும் தங்காது என்று சொன்னேன். அவளுக்கு அது தாங்கவில்லை. முகம் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு அவள்மேல் தனிப் பிரியம்.

குழி என்று நாங்கள் சொன்னது சத்தியவேட்டுப் பக்கம். ரோட்டுக்கும் புதிதாக வரப்போகிற கம்பெனிகளுக்கும் என்று கிராவல் வெட்டியெடுத்த பள்ளம். மேலே சிவப்புக் கூழாங்கல் மண், அடியில் வெள்ளைக் களிமண் படுகை. அந்த வெள்ளை மண்ணைப் பலகை பலகையாகப் பிரித்தால் இலை அச்சு கிடைக்கும். எப்போதும் கிடைக்காது. ஒரு பேட்ச் வெயிலில் வெந்து வெறுங்கையோடு திரும்பியதும் உண்டு. பஸ்ஸில் அவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டே கூட்டிவந்தேன், ஆனால் நிம்மதியாக வந்தேன்.

எல்லார் பையிலும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும், அது எங்கள் ட்ரைனிங்கின் வழக்கம். சுண்ணாம்புக் கல் என்றால் சாறு பட்டதும் பொடுபொடுவென்று நுரைக்கும், மற்ற கல் சும்மா இருக்கும். ஆசிட் பாட்டிலுக்கு எந்தக் கிராமத்துப் பள்ளியில் வழி இருக்கிறது? எந்தக் கல் கையில் கிடைத்தாலும் முதலில் ஒட்டியிருக்கிற மண்ணைப் பார், அது கிடைத்த இடத்து மண்தானா என்று பார், பிறகு ஒரு சொட்டு எலுமிச்சை விடு. இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற அளவுக்குப் பழக்கியிருந்தேன்.

அந்த வருஷம் குழிக்குப் போகிற அன்று டிரஸ்டுக்குப் பணம் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அண்ணாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இவங்க பார்க்கற அன்னிக்கு ஒண்ணும் கெடைக்கலன்னா இன்னாம்மா பண்றது?" என்றார்.

"கெடைக்கலன்னு சொல்லுவோம். அதுவும் அறிவியல்தானே அண்ணா? நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே?"

"உனுக்கு அறிவியலு. எனுக்கு அடுத்த வருஷம் இந்த மாடிக்கு வாடகை யாரு குடுப்பாங்கன்னு கவலை" என்று சிரித்தார். பிறகு, "நான் இன்னிக்கே போய் அங்க சொந்தக்காரங்க வூட்ல தங்கிக்கிறேன், இல்லன்னா சாமியானா எல்லாம் யாரு பார்ப்பாங்க? நாளைக்கு நீ இவங்களக் கூட்டிக்கினு வந்துடு" என்றார். அட, எவ்வளவு பொறுப்பு என்று நானும் பூரித்துப்போனேன்.

மறுநாள் புத்தூர், நாகலாபுரம் வழியாக வேனில் போய் இறங்கினோம். வெயில் ஏறிவிட்டது. வெள்ளைக்காரர்கள் சாமியானாவுக்குக் கீழே தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணா இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். அவரே வந்து, நீங்கள் இந்தப் பக்கம், நீங்கள் அந்தப் பக்கம் என்று வாத்தியார்களைப் பிரித்து உட்காரவைத்தார். வழக்கமாக அது என் வேலை. விருந்தாளி வந்திருக்கிற பரபரப்பு என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சாந்திபுரத்து டீச்சர் கை அசையாமல் நின்றது. குந்தியபடியே உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாமியானாவுக்குக் கீழே இருந்தேன், விருந்தாளிகளுக்கு எங்கள் முறையை விளக்கிக்கொண்டு. அவள் தலையை நிமிர்த்தி நேரே என்னைப் பார்த்தாள். நீளமான பார்வை. அதற்குள் பக்கத்தில் இருந்த புத்தூர் டீச்சர் அவள் கையைப் பிடித்து உயர்த்தி, "கெடைச்சிடுச்சு! சங்கு கெடைச்சிடுச்சு!" என்று குழி அதிரக் கத்தினாள்.

சுருள் சுருளாக, நத்தை போல, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல். என் காலம் முழுக்க அந்தக் குழியில் இலையைத் தவிர ஒன்றும் கண்டதில்லை. எல்லா வாத்தியார்களும் ஓடிவந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். திருப்பதிக்காரர் எட்டிப் பார்த்தவர், "சாளக்கிராமம்னா இது!" என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கைதட்டல், கூச்சல். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அண்ணா ஒரே ஓட்டமாக வந்து அதை வாங்கி, பாட்டில் தண்ணீரை ஊற்றித் துண்டால் துடைத்து, வெள்ளைக்காரர்கள் கையில் கொடுத்தார். அவர்கள் எழுந்து நின்று போட்டோ எடுத்தார்கள். நான் மொழிபெயர்க்கிறேன் பேர்வழி என்று நின்றுகொண்டு அழுதுகொண்டிருந்தேன். கல் உடைத்தவரின் மகள் கடலையே கையில் எடுத்துவிட்டாள் என்று தமிழிலும் சொன்னேன், இங்கிலீஷிலும் சொன்னேன். என் உத்தியோக வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்தச் சங்கு அப்போதே விருந்தாளிகளின் பெட்டிக்குள் போய்விட்டது, ஆராய்ச்சிக்கு. நான் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். அண்ணாவை வெளிநாட்டு மாநாட்டுக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தார். மறுபடி கூப்பிட்டார்கள். மகளும் கம்ப்யூட்டர் வேலையாக அமெரிக்காவில் இருந்தாள். குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். ரேணிகுண்டா ஸ்டேஷனில் வழியனுப்பப் போனேன். "தமிழ் பேட்சுக்குத் தனியா பணம் வாங்கி அனுப்பறேம்மா. நீ நடத்திக்கினே இரு" என்றார். தலையில் மிளகாய் அரைப்பது என்றால் அதுதான். பணமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. நாங்கள் இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதின பாடங்கள் அவர் பெயரில் இங்கிலீஷில் புத்தகமாக வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். திருப்பதி மாடியில் என்ட்ரன்ஸ் கோச்சிங் போர்டு தொங்கியது. குழியைச் சுற்றிக் கம்பெனி காம்பவுண்டு எழும்பி, வாட்ச்மேன் உட்கார்ந்துவிட்டான். நான் என் பள்ளிக்கே திரும்பி, எலும்பும் களிமண்ணும் எலுமிச்சையுமாக என் பிள்ளைகளோடு காலத்தை ஓட்டினேன். அண்ணா செய்த துரோகம் இவ்வளவுதான் என்று வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கே நான் அவரை மன்னிக்கவில்லை. ஆனாலும் ஒன்று மிஞ்சியிருந்தது. அந்த நாள். அதை யாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போக முடியாது என்று இருந்தேன்.

ரிடையர் ஆகிற வருஷம் சாந்திபுரத்து டீச்சர் போன் செய்தாள். இப்போது அவள் ஹெட்மிஸ்ட்ரஸ். "அக்கா, உங்க பாடத்த நான் வுடவே இல்ல. வருஷா வருஷம் நடத்திக்கினுதான் இருக்கேன். ரிடையர் ஆவறதுக்குள்ள ஒருக்கா வந்து பாருங்கக்கா" என்றாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஒருத்தியாவது இருக்கிறாளே என்று சித்தூரிலிருந்து பலமனேர் வழியாக பஸ் ஏறினேன்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் மண்ணை வெட்டிக் குழி போட்டிருந்தாள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளினார்கள். சுத்தமான வேலை, சீராகக் கோடு போட்டுக் கட்டம் பிரித்திருந்தாள். ஆட்டு எலும்பு வந்தது. கடல் சிப்பி வந்தது. அப்புறம் ஒரு பெண் "கெடைச்சிடுச்சு!" என்று கத்திக்கொண்டு இலை அச்சுள்ள களிமண் கட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். எல்லாப் பிள்ளைகளும் கைதட்டினார்கள்.

"இது எப்படி இங்க வந்துச்சுன்னு யாரு சொல்றீங்க?" என்று டீச்சர் கேட்டாள்.

எல்லாரும் கை தூக்கினார்கள். பாதிக்கு மேல் இடது கை.

எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. பிள்ளைகள் கலைகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் எலுமிச்சை ஜூஸ் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்காமல் கேட்டேன்.

"இந்த இலை நம்ம சத்தியவேட்டுக் குழியில எடுத்ததுதானே? ட்ரைனிங்ல ஆளுக்கொண்ணு கொடுத்தேனே, அதுதானே?"

"ஆமாக்கா! பத்திரமா வெச்சிருக்கேன்" என்றாள், சந்தோஷமாக. "வருஷா வருஷம் இதத்தான் பொதைக்கறது."

"நீயே பொதைச்சு நீயே கண்டுபிடிக்க வைக்கறியா? இதத்தான் நான் சொல்லிக்கொடுத்தேனா?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, பெரியவர்களுக்கு ஒன்றை நோகாமல் எடுத்துச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"நான் நல்லா கழுவிட்டுத்தான்க்கா வெக்கறேன். அன்னிக்கு நீங்க அவசரத்துல கழுவாம வெச்சுட்டீங்க இல்ல, அந்த மாதிரி வுடறதில்ல."

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. என்ன கழுவாமல்? எதை வைத்தேன்?

"அந்தச் சங்குதான்க்கா. எடுத்ததும் பார்த்தேன், மஞ்ச மஞ்சளா சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கினு இருக்குது. நம்ம குழியில செவப்பு மண்ணும் வெள்ள மண்ணும்தானே? நீங்க சொல்லிக்கொடுத்தா மாதிரியே பையில கைய வுட்டு எலுமிச்சம்பழத்த எடுத்துட்டேன். பிழியப் போறேன், புத்தூரு அக்கா கைய கெட்டியா புடிச்சுக்கினாங்க. 'ஏய், சும்மா இரு, இன்ஸ்பெக்‌ஷன்'ன்னாங்க. அப்பத்தான் எனுக்குப் பட்டுச்சு, அடடா, வெள்ளைக்காரங்க வந்துக்கிறாங்க, அக்கா மானம் போயிடப் போவுதேன்னு. உங்களப் பார்த்தேன். நீங்களும் பார்த்தீங்க. பழத்த பையிலயே போட்டுட்டேன்."

"எல்லாருக்குமா தெரியும்?"

"தெரியாம? வாத்தியாருங்கதானேக்கா எல்லாரும். வேன்ல திரும்பி வர்றப்போ கண்ணாலயே பேசிக்கினோம். நல்லா நடிச்சோம் இல்ல?" சிரித்தாள். "திருப்பதி சாரு கும்பிட்டாரே, அது மட்டும் நெசம். யாரு வெச்சா இன்னா, சாளக்கிராமம் சாளக்கிராமம்தானேன்னாரு."

அந்தக் கட்டிப்பிடித்தல், கூச்சல், கைதட்டல் எல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு முன்னால் வந்து நின்றது. அதை அவர்கள் அண்ணாவுக்காகச் செய்யவில்லை, வெள்ளைக்காரர்களுக்காகவும் செய்யவில்லை. எனக்காகச் செய்தார்கள். நான் வாக்கை மீறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, என் மானத்தைக் காப்பாற்ற, அத்தனை பேரும் இடது கையைத் தூக்கியிருக்கிறார்கள். நான் நின்று அழுதிருக்கிறேன். அந்த அழுகையையும் நடிப்பு என்றுதானே எண்ணியிருப்பார்கள்?

யார் வைத்தது என்பதில் எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. திருப்பதி மாடியில் அண்ணா மேசையில், அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கத்தில் எடுத்த கல் சங்கு ஒன்று காகிதங்களின் மேல் பாரத்துக்குக் கிடக்கும். சுருளின் இடுக்கெல்லாம் மஞ்சள் சுண்ணாம்பு. பாவி, முதல் நாளே போனது சாமியானா கட்டவா? அவள் உட்காரவேண்டிய இடத்தைக் கை காட்டியதும் அவர்தானே? கஞ்சி கொண்டுவந்து கொடுத்த அதே கை.

பிற்பாடு நம்பர் தேடிப் பிடித்து அமெரிக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். மறுக்கக்கூட இல்லை மனுஷன். "அட, அதையா இன்னும் புடிச்சுக்கினு தொங்கறே? ப்ரோக்ராம் ஓடுச்சா இல்லையா, அதப் பாரு. நான் உன்கிட்ட சொல்லியிருந்தா நீ வுட்டிருப்பியா?" என்று பின்னால் பேரன் அழுகிற சத்தத்தோடு சொன்னார். விட்டிருக்க மாட்டேன் என்று தெரிந்துதானே சொல்லவில்லை? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வைத்தேன். அவரைத் தலைமுழுகியாயிற்று. அதில் எனக்குக் குழப்பம் இல்லை.

ஆனால் அது பிறகு. அன்று வேப்பமரத்தடியில் என் முன்னால் நின்றவள் இவள். முதல் நாள் ஹாலில் நான் கொடுத்த வாக்கைக் கண் கொட்டாமல் கேட்டவள். அதை நான் காற்றில் விட்டேன் என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டு, நம்பியும் என்மேல் கோபப்படாமல், அதையே பாடம் என்று எடுத்துக்கொண்டு, என்னைவிட ஒழுங்காகக் கழுவிப் புதைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவளிடம் படித்த பிள்ளைகள் எத்தனை பேர்!  யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பார்த்ததைச் சொல், நினைத்ததை அப்புறம் சொல் என்று சொல்லிக்கொடுத்தேன். பார்த்ததைச் சொல்லாமல் இருந்ததுதான் அவள் எனக்குச் செய்த மரியாதை.

"நான் வைக்கலைம்மா" என்றேன்.

"சரிக்கா."

"நீ நம்பணும். எனக்குத் தெரியவே தெரியாது. அவரு வெச்சது. எனக்கு இப்ப நீ சொல்லித்தான் தெரியுது."

"சரிங்கக்கா."

அவள் முகத்தைப் பார்த்தேன். குழியில் சங்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த அதே நீளமான பார்வை. ஆச்சரியத்தில் பார்க்கிறாள் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கு அதில் இரக்கம் இருந்தது.

"என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் வைக்கலை. ஒரு தடவையாவது என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா?"

"அய்யோ, எதுக்குக்கா சத்தியமெல்லாம்? வுடுங்க." ஜூஸ் டம்ளரை என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். "நான் யாருகிட்டயும் சொன்னதில்லக்கா. இனிமேலும் சொல்லமாட்டேன்."